பதினான்காம் கேள்விக்கு எழுதிய 'இல்லை'

1

இந்த நாட்டில் நீல உறை வந்தால் வருமான வரி, வெள்ளை உறை வந்தால் ஆஸ்பத்திரி. நெதர்லாந்துக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. வரிக்காரர்களின் உறையைப் பார்த்து நான் நிம்மதியாக மூச்சு விட்டது போன வருடம்தான். நீலமாக இருக்கிறது, அப்பாடா, வெள்ளை இல்லை.

நேற்று வெள்ளை வந்தது. என் மகள் நிலாவுக்கு முதல் ஸ்கேனுக்கு ஒரு வருடம் கழித்து எடுக்கவேண்டிய அடுத்த ஸ்கேனுக்கான தேதி, கூடவே நான்கு பக்கப் படிவம். போன வருடம் நிரப்பிய அதே படிவம்தான். பதினான்காவது கேள்வி இப்படிப் போகிறது: குழந்தையின் இரத்த உறவினர் யாருக்காவது நீண்டநாள் எலும்பு வலி, வீக்கம், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்க்கொப்புளம், குடல் அழற்சி இருந்ததுண்டா? போன வருடம் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். டிக் அடித்தால் போதும் என்று போட்டிருந்தது. நான் டிக்கும் அடித்து, பக்கத்தில் 'இல்லை' என்று கையாலும் எழுதினேன். பொய் சொல்கிறவன் எப்போதும் ஒரு வார்த்தை கூடுதலாகத்தான் சொல்லுவான்.

என் பிழைப்பு, மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது. அடுத்தவன் தப்பு என்றால் எனக்குப் பத்து நிமிடம் போதும். என் கையெழுத்தில் இருந்த தப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி இரண்டு மாதம் திரிந்தேன்.

இந்த முறை 'ஆம்' என்று எழுதிவிட்டேன். விவரம் எழுத மூன்று வரி கொடுத்திருக்கிறார்கள். போதவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். காஞ்சிபுரத்துக்காரர்கள் யாராவது படித்தால் நல்லது. அந்த 'இல்லை'யை நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

2

நிலாவுக்கு அப்போது பத்து வயது. இங்கே பிள்ளைகள் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகும். மழை, காற்று, எதுவானாலும் சைக்கிள்தான். ஒருநாள் காலை அவள் சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போவதை சன்னல் வழியாகப் பார்த்தேன். டயரில் காற்று இல்லை என்று நினைத்து, பம்பை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன்.

"காத்து இருக்குதுப்பா. கால்தான் வலிக்குது" என்றாள்.

வலது காலில், முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் வீக்கம். தொட்டால் சூடு. வேறெங்கே வலிக்கிறது என்று கேட்டு, சட்டையை விலக்கிக் காட்டச் சொன்னேன். கழுத்துக்குக் கீழே இடது காறை எலும்பில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மேடு.

"எப்பலருந்து?"

"ரொம்ப நாளா. போவும், வரும்."

"ஏன்மா சொல்லல?"

"நீங்க பயப்படுவீங்கன்னு."

அவள் கணிப்பு நியாயமானது. பயப்படுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் இணையத்தில் தேடி அவளுக்கு மூன்று வகைப் புற்றுநோயை வரவழைத்து, மூன்றுக்கும் வைத்தியம் பார்த்து முடித்திருந்தேன். எனக்கே நெஞ்சு படபடத்தது, உடம்பு வியர்த்தது. அதையும் தேடினேன். மாதவிடாய் நிற்கும் வயதில் இப்படி வரலாம், கவலை வேண்டாம் என்று பதில் வந்தது. என் மனைவி கவிதா மடிக்கணினியை வாங்கி மூடி, அலமாரியின் மேல் வைத்தாள். அது எனக்கு எட்டும் உயரம்தான். எட்டாத மாதிரி இருந்தேன்.

இந்த நாட்டில் குடும்ப டாக்டரைத் தாண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாது. சந்நிதிக்கு முன் நந்தி மாதிரி அவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போனில் என் டச்சில் விவரம் சொன்னேன். பதற்றத்தில் எலும்புக்கான சொல்லுக்குப் பதில் காலுக்கான சொல்லைப் போட்டுவிட்டேன். என் மகளின் தோளில் உள்ள கால் வீங்கியிருப்பதாக அவர் குறித்துக்கொண்டார். பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து நேரில் போனோம். வளர்கிற வயதில் வலி வரும் என்று மறுபடியும் பாராசிட்டமால். மூன்றாம் முறை நான் அவர் அறையிலேயே அழுதுவிட்டேன். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீரும், நிலாவுக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். அழுகைக்கு இவ்வளவு மதிப்பு என்று தெரிந்திருந்தால் முதல் நாளே அழுதிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு டாக்டரம்மா. நரைத்த தலை, மேசை மேல் சைக்கிள் ஹெல்மெட், எதற்கும் அவசரப்படாத குரல். படிவத்தைப் புரட்டியவர், "குடும்பத்தில் யாருக்கும் இப்படி எதுவும் இல்லையா?" என்று வாயாலும் ஒருமுறை கேட்டார்.

"இல்லை" என்றேன். மூச்சு விடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

3

எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். செல்வி. என்னைவிட நாலு வயது மூத்தவள்.

காஞ்சிபுரத்தில் அப்பாவுக்கு ஒரு டிபன் கடை இருந்தது. வீட்டின் முன்னறைதான் கடை, நாலு பெஞ்சு. தறியில் உட்காருவதற்கு முன்னால் நெசவாளர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள். இலை போடுவது அம்மா, இட்லி வைப்பது அப்பா, வாளியைத் தூக்கிக்கொண்டு சட்னி ஊற்றுவது அக்கா.

அவளுக்குப் பதினோரு வயதானபோது காலில் வீக்கம் வந்தது. போகும், வரும். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு அரித்திருக்கிறது, டி.பி.யாக இருக்கலாம் என்றார். அந்தக் காலத்தில், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன சொல்லியிருக்கமுடியும். ஊசி போட்டுச் சீழ் எடுக்கப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. மாத்திரை ஆரம்பித்தார்கள். அதைச் சாப்பிட்டதில் அவளுக்கு மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனது. எனக்குப் பொறாமை. ஒரு மாத்திரை எனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்து முதுகில் வாங்கினேன்.

பிறகு உள்ளங்கையில் மஞ்சள் மஞ்சளாகக் கொப்புளம் வந்தது. ஒருநாள் காலை ஒரு தறிக்காரர், சட்னி ஊற்றின கையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"இன்னாபா இது, பொண்ணு கையில?"

"வேர்க்குருங்க" என்றார் அப்பா.

"உள்ளங்கையிலயா வேர்க்குரு? நல்லா கீதுபா கத."

அவர் சண்டை போடவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தார், மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் அவரோடு வரும் மூன்று பேர் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் இரண்டு பெஞ்சு காலியாக இருந்தது.

அக்காவை மாகறலில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் போன அன்று அம்மா என்னை அடுப்படியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

"யாராச்சும் கேட்டா, அக்கா பெரிம்மா வூட்ல தங்கி படிக்குதுன்னு சொல்லு. உடம்பு கிடம்புன்னு வாய தொறந்த, தோல உரிச்சிடுவேன்."

"அக்காக்கு எப்பமா சரியாவும்?"

"நம்ம வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல. எங்க, சொல்லு."

"நம்ம வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"இன்னொரு வாட்டி."

சட்னி வாளி என் கைக்கு வந்தது. ஏழு வயது. வாளி தரையில் இடிக்கும். அக்கா எங்கே என்று கேட்பவர்களைச் சிரிக்கவைத்துப் பேச்சை மாற்றக் கற்றுக்கொண்டேன். அப்பா நடப்பது மாதிரி நடந்து காட்டுவேன், பஸ் கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்துச் சட்னி ஊற்றுவேன். பெஞ்சுகள் நிறைந்தன. என்னைக் கோமாளி ஆக்கியது அந்த வாளிதான். இந்த வயதிலும் என்னிடம் யாராவது முக்கியமான கேள்வி கேட்டால் முதலில் வருவது ஜோக், இரண்டாவதாக வருவது 'இல்லை'. உண்மை வந்தால் மூன்றாவதாக வரும்.

அக்கா திரும்பி வரவில்லை. இரண்டு மாதம் என்றார்கள், ஒரு வருடம் என்றார்கள், அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வலது கால் ஒரு விரற்கடை குட்டையாக நின்றுபோனது. அவளைப் பெண் பார்க்க ஒரே ஒரு குடும்பம் வந்தது, அவளே வேண்டாம் என்றுவிட்டாள். பெரியம்மா போனபிறகு ஓரிக்கையில் ஒற்றை அறை எடுத்து ஜாக்கெட் தைக்கிறாள். அளவு ஜாக்கெட் கொண்டுவந்து கொடுத்தால்தான் தைப்பாள். ஆள் மேல் டேப் வைத்து அளவெடுக்கமாட்டாள். அது அவள் பிகு என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அக்கா ஏன் விந்தி நடக்கிறாள் என்று கவிதா கேட்டாள். சின்ன வயதில் பஸ்ஸில் அடிபட்டது என்றேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். பையன் தேறிவிட்டான் என்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

4

எலும்பில் கிருமி என்று நினைத்து நிலாவுக்கு நான்கு வாரம் நரம்பு வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து ஏற்றினார்கள். வீக்கம் அசையவில்லை. பிறகு மயக்கம் கொடுத்து, காறை எலும்பில் சின்னதாகத் துளையிட்டு, துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அவள் கட்டிலருகே நான் ஆடாத ஆட்டம் இல்லை. டாக்டர்கள் நடப்பது மாதிரி நடந்து காட்டினேன். நிலா சிரிப்பாள், சிரித்தால் தோள் வலிக்கும், "போதும்ப்பா" என்பாள்.

புற்றுநோய் இல்லை. கிருமியும் இல்லை. அடுத்து தலையிலிருந்து கால்வரை ஒரு ஸ்கேன். ஏழு இடங்களில் எலும்பு வெளிச்சமாகத் தெரிந்தது. அவளுக்கு வலித்ததே இரண்டு இடத்தில்தான்.

டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். அது ஒரு சரக்கு ரயில் நீளம். தமிழில் சொன்னால் நாள்பட்ட, தொற்றில்லாத எலும்பு அழற்சி. எனக்குப் புரிந்தமட்டில் சொல்கிறேன். கிருமி வந்தால் அடித்துத் துரத்த நம் உடம்பில் ஒரு காவல் இருக்கிறது. இந்த நோயில் திருடனே வராத வீட்டில் காவல்காரன் விசில் ஊதிக்கொண்டு, கதவை உடைத்து, வீட்டுக்காரனையே போட்டு அடிக்கிறான். அடி விழுவது எலும்பில். பெரும்பாலும் வளரும் பிள்ளைகளுக்கு வருகிறது. சில மாதம் அடங்கும், மறுபடி எழும். கிருமி இல்லாததால் கிருமிக்கொல்லிக்கு வேலையில்லை. ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையில் இன்னது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. மற்றதெல்லாம் இல்லை, இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் இதில் நிற்கவேண்டும். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது.

'ஒட்டாது' என்பதை அவர் போகிறபோக்கில்தான் சொன்னார். இந்த ஊரில் அது யாருக்கும் சந்தேகம் வராத விஷயம் போல.

பிறகு நிலாவின் கையைத் திருப்பி மேசைமேல் வைத்தார். உள்ளங்கையில் கடுகளவுக்கு மஞ்சள் கொப்புளங்கள், ஏழெட்டு. போன வாரம்கூட இல்லை.

"இதுவும் அதோடு சேர்ந்ததுதான். இதற்குள்ளும் கிருமி கிடையாது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?"

பார்த்திருந்தேன். சட்னி வாளி பிடித்த கையில்.

"ஒரு அக்கா இருக்கிறாள்" என்றேன்.

கவிதா என் பக்கம் திரும்பியதை நான் பார்க்கவில்லை, நாற்காலி கிறீச்சிட்டதைக் கேட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். முதலிலேயே தெரிந்திருந்தாலும் துணுக்கு எடுத்துத்தான் பார்த்திருப்போம், ஆனால் இந்தத் திசையில் இன்னும் முன்னாலேயே யோசித்திருப்போம் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன். அக்காவுக்கு இன்னும் வலி இருக்கிறதா, பழைய படங்கள் கிடைக்குமா, அவரிடம் கேட்கமுடியுமா என்றார். முடியும் என்று தலையை ஆட்டினேன்.

வெளியே காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கவிதா என்னை நிறுத்தினாள்.

"பஸ்ல அடிபட்டதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"எந்த பஸ்ஸு?"

"எழுபத்தாறு பி."

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"நாலு வாரம் கொழந்த கையில ஊசியோட படுத்துக்கினு இருந்துது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே பக்கத்துல உக்காந்து அவள சிரிக்க வெச்சிக்கினு இருந்தீங்க."

காபியை எடுக்காமலேயே போய்விட்டாள்.

5

அக்காவுக்குப் போன் போட ஒன்பது நாள் ஆயிற்று. முதல் நாள் அங்கே மின்வெட்டு இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அமாவாசை. மூன்றாம் நாள் என் தொண்டை சரியில்லை. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கவிதா போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். காரணங்கள் தீர்ந்துவிட்டன.

"இன்னாபா, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா? கவிதா தொரத்திட்டாளா?" என்றாள் அக்கா. பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லக்கா. நிலாக்கு உடம்பு சரியில்ல. கால்ல வலி."

"வீக்கம் இருக்குதா?"

"இருக்குது."

"தொட்டா சூடா இருக்குதா?"

"ஆமாக்கா."

மெஷின் சத்தம் மெதுவானது.

"கையில?"

"கையிலயும் வந்துகிது."

மெஷின் நின்றது.

"நான் அவள தொடவே இல்லையேபா" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"கைக்கொழந்தையா எடுத்துக்கினு வந்தியே, அப்பவே வாசப்படிய தாண்டி வரல நானு. நீ கையில குடுக்க வந்த. மாவு கைடான்னு சொன்னேன், ஞாபகம் இருக்குதா? மாவெல்லாம் ஒண்ணும் இல்லபா. அப்பறம் வந்தப்ப கூட கிட்ட வெச்சிக்கல. எப்படிபா வந்துது அவளுக்கு?"

நான்கு முறை ஊருக்குப் போயிருக்கிறோம். நான்கு முறையும் அக்கா நிலாவைத் தூக்கவில்லை, கன்னத்தைக் கிள்ளவில்லை. திண்பண்டத்தை மேசைமேல் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொல்லுவாள். 'அவளுக்கு நம்ம மேல காண்டு' என்று கவிதாவிடம் சொல்லி, அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல நடித்தும் காட்டியிருக்கிறேன். நன்றாக வரும் எனக்கு அந்த நடிப்பு.

"அக்கா, இது தொத்து இல்ல. ஒட்டாது."

"யாரு சொன்னா?"

"இங்க டாக்டரு."

"அங்க ஒட்டாதா, எங்கியுமே ஒட்டாதா?"

"எங்கியும் ஒட்டாதுக்கா. கிருமியே கெடையாதாம்."

"கையில வர்றதுலயும்?"

"அதுலயும் இல்ல."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "கொழந்தைக்கு அந்த ஆரஞ்சு மாத்திர குடுக்கறாங்களா? குடுத்தா சோறு துன்னப்பறம் குடுக்க சொல்லு. வெறும் வயித்துல கொமட்டும்" என்றாள்.

பழைய எக்ஸ்ரே படங்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. நாற்பது வருடமாக, வீடு மாறும்போதெல்லாம், கட்டில் மெத்தைக்கு அடியில் மடங்காமல் வைத்திருந்தாள். எதற்காக வைத்திருந்தாய் என்று கேட்டேன். யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று நினைத்தாளாம். அடுத்த வீட்டுப் பெண் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து அனுப்பினாள். டாக்டரம்மா என் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, நிலாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். ஆளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்லமுடியாது, ஆனால் இதே மாதிரிதான் இருக்கிறது என்றார். "அந்தக் குழந்தைக்கு என்ன வைத்தியம் செய்தார்கள்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த டச்சில் 'வேறு ஊருக்கு அனுப்பினார்கள்' என்று சொன்னேன். மலைக்காற்று மாதிரி ஏதோ வைத்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

6

வைத்தியம் நீண்டது. முதலில் வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை. அது பாதிதான் கேட்டது. பிறகு எலும்பைக் கெட்டிப்படுத்தும் மருந்தைச் சில மாதத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றினார்கள். முதல் தடவை ஏற்றியதும் காய்ச்சல் வந்தது. வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், இருந்தாலும் நான் மூன்று முறை நர்ஸைக் கூப்பிட்டேன். நாலாவது முறை நர்ஸ் எனக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். இதற்கும் அடங்காவிட்டால் காவல்காரனையே தட்டிவைக்கும் ஊசிகள் இருக்கின்றனவாம். குணமாகிவிடும் என்று டாக்டரம்மா ஒருநாளும் சொல்வதில்லை. 'இப்போது அமைதியாக இருக்கிறது' என்பார். நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளர அடங்கிவிடும். சிலருக்கு அடங்காது. நிலா எந்தப் பக்கம் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

நிலாவும் டாக்டரம்மாவும் டச்சில் பேசிக்கொள்வார்கள். முதலில் நிலா என்னைப் பார்த்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வெளியே வந்தபிறகு "எல்லாம் ஓகேப்பா" என்கிறாள், அவ்வளவுதான். பத்து நிமிடம் பேசியது எப்படி இரண்டு சொல்லாகச் சுருங்குகிறது என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். அந்தத் தோள் குலுக்கலும் டச்சுதான். வலிக்காமல் குலுக்கமுடிகிறதே என்று நான் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

இங்கே பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி வகுப்பின் முன்னால் நின்று பேசவேண்டும். குதிரை, டைனோசர், அப்பாவின் வேலை என்று எடுப்பார்கள். நிலா தன் நோயை எடுத்தாள். ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கித் திரையில் போடப்போகிறேன் என்றாள்.

"எல்லாருக்கும் எதுக்குமா சொல்லணும்?"

"ஏன் சொல்லக்கூடாது?"

"இல்ல, நாளைக்கு யாராவது..."

"யாராவது?"

பெஞ்சு காலியாகும் என்று சொல்லலாம்தான், அவளுக்கு எந்த பெஞ்சு என்று விளங்காது. அன்று முழுக்க அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. சாயங்காலம் பள்ளி வாசலில் போய் நின்றேன். சிரித்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாருக்கும் இங்க தொட்டுப் பாக்கணுமாம்" என்று காறை எலும்பைக் காட்டினாள். "லைன்ல வந்தாங்க. இருபத்தி ஆறு பேரு. டீச்சரும் தொட்டாங்க."

7

இந்தக் கோடையில் ஊருக்குப் போனோம். போன வேலை ஒன்றுதான். டாக்டரம்மா கொடுத்த கடிதத்தோடு அக்காவைச் சென்னைக்கு அழைத்துப்போய், இந்த வகை நோய் பார்க்கும் டாக்டரிடம் காட்டுவது. அக்கா வரமாட்டேன் என்றாள். தைக்கக் கொடுத்த ஜாக்கெட் பாக்கி இருக்கிறது, ஐம்பத்தொரு வயதில் எனக்கு எதற்கு என்றாள். நிலாதான், "எனக்குத் தொணைக்கு வாங்க அத்தை" என்று ஒரே வரியில் முடித்தாள்.

சென்னை டாக்டர் இளைஞர். அக்காவுக்கு ஸ்கேன் எடுக்கவைத்து, பழைய படங்களையும் புதிய ஸ்கேனையும் வரிசையாக மாட்டிப் பார்த்தார். அக்காவுக்கும் இதேதான் என்றார். பல இடங்கள் தானாக ஆறித் தழும்பாகிவிட்டன, இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் இன்னும் அழற்சி இருக்கிறது, அதற்கு மாத்திரை தரலாம், வலி குறையும். குட்டையான காலை இனி ஒன்றும் செய்யமுடியாது. "சின்ன வயசுலயே..." என்று ஆரம்பித்தவர், அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இது ஒட்டாதுங்களா?"

"ஒட்டவே ஒட்டாதுமா."

"அப்பவும், சின்னதுல இருந்தப்பவும், ஒட்டாதுங்களா?"

"எப்பவும் ஒட்டாது."

திரும்பும்போது முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் கவிதா. பின்னால் நான், அக்கா, நடுவில் நிலா. ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது நிலா தூங்கிவிட்டாள். தலை நழுவி அக்காவின் மடியில் விழுந்தது. அக்கா தள்ளவில்லை. ஆனால் மடியில் இருந்த இரண்டு கையையும் எடுத்து, கவிதா உட்கார்ந்திருந்த சீட்டின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் இடமில்லாமல் நிற்பவர்கள் கம்பியைப் பிடிப்பதுபோல.

கொஞ்ச தூரம் போனபின், குரலைத் தாழ்த்தி, "டேய் முரளி" என்றாள்.

"சொல்லுக்கா."

"தம்பி சின்ன புள்ள, ஒட்டிக்கும்னு அம்மா சொல்லிச்சி. உனக்கு வந்துடக் கூடாதுன்னுதான் போனேன். அழுவாம போனேன், தெரியுமா? பெரிம்மா வூட்ல எப்பனா அழுவ வந்தா, பரவால்ல, அவனுக்கு வரலன்னு நெனச்சிக்குவேன்."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒட்டாதுன்னா, என்ன எதுக்குடா அனுப்புனாங்க?"

பதில் எனக்குத் தெரியும். நாலு பெஞ்சு நிறைவதற்காக. அதை நிறைத்தவனும் நான்தான். அப்பா, அம்மா இரண்டு பேருமே இப்போது உயிரோடு இல்லை, சொல்வதென்றால் நான்தான் சொல்லவேண்டும். வாயைத் திறந்தேன். வழக்கம்போல முதலில் ஒரு ஜோக் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"கைய எறக்கிக்கோக்கா. மரத்துப் பூடும்" என்றேன்.

"இருக்கட்டும்பா" என்றாள்.

சுங்குவார்சத்திரம் வந்தது, போனது. மடியில் நிலா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் முகத்தையே பார்த்தபடி, வீடு வந்து சேரும்வரை கையை இறக்கவில்லை.